காற்றுக்கும் கணக்கு உண்டு

கடந்த மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே உள்ள தீவொன்றின் பாடசாலையில் படித்து, இப்போது மேலை நாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். தமது பாடசாலைக்குக் காற்றில் இயங்கும் மின்பிறப்பாக்கி ஒன்றை வாங்கிக் கொடுப்பதற்கு நிதி திரட்டுவதாகவும், அம்முயற்சிக்கு ஆதரவாக நான் இந்தப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். விற்பனையாளரின் பிரசுரமும் இணைக்கப்பட்டிருந்தது.

பிரசுரத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்னர், எழுத இயலாது என்று பதில் அனுப்பினேன். "நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கினால் அதைத் தடுப்பதற்கு எங்கள் ஊரில் ஓர் ஐயா எப்போதும் இருப்பார்" என்று மறுநாளே பதில் வந்தது. கோபம் நியாயமானதுதான். ஊருக்கென்று உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு வருபவர்களிடம் காரணம் கூறாமல் மறுத்தது எனது தவறு. எனவே காரணத்தை விரிவாக, எல்லோரும் வாசிக்கும்படியாக இங்கே எழுதுகிறேன். இவர்கள் மட்டுமல்ல, இத்தகைய பிரசுரங்களை நம்பும் பலர் எமது சமூகத்தில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

பிரசுரம் சொல்வது இதுதான். இயந்திரம் நிலைக்குத்து அச்சில் சுழல்வது. உயரம் 3 மீற்றர், அகலம் 2 மீற்றர். எத்திசைக் காற்றிலும் சுழலும். ஓசை எழுப்பாது. பறவைகளைக் கொல்லாது. கூரையிலேயே பொருத்தலாம். மன்னாரிலும் பளையிலும் நிற்கின்ற மூன்று இறக்கைக் காற்றாலைகளைவிட வினைத்திறன் மிக்கது. செக்கனுக்கு 11 மீற்றர் வேகத்தில் காற்று வீசும்போது 3 கிலோவாற்று மின்வலுவைத் தரும்.

இந்த இறுதி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வோம். ஏனையவை விளம்பரச் சொற்கள். இது ஒன்றுதான் எண். எண்ணைச் சோதிக்க முடியும்.

ஓடுகின்ற காற்றிலுள்ள வலுவைக் கணிப்பதற்கு உயர்தர வகுப்புப் பௌதிகமே போதும். காற்றின் அடர்த்தியின் அரைவாசியை, இயந்திரம் காற்றுக்குக் காட்டும் பரப்பினாலும், காற்றின் வேகத்தின் மும்மடியினாலும் பெருக்கவேண்டும். மும்மடி என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்காகும் என்பது அதன் பொருள். எமது வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.17 கிலோகிராம். பிரசுரத்தின் இயந்திரம் காற்றுக்குக் காட்டும் பரப்பு 6 சதுர மீற்றர். 11 மீற்றர் வேகத்தில் அந்தப் பரப்பினூடாகச் செல்லும் காற்றில் இருக்கும் மொத்த வலு ஏறத்தாழ 4,670 வாற்று. அதிலிருந்து 3,000 வாற்று மின்சாரம் எடுப்பதாக விற்பனையாளர் சொல்கிறார். அதாவது நூற்றுக்கு 64.

இங்கேதான் விடயம் இருக்கிறது. காற்றின் வலு முழுவதையும் எவராலும் எடுத்துவிட முடியாது. முழுவதையும் எடுத்துவிட்டால் இயந்திரத்தின் பின்னால் காற்று அசையாமல் நிற்கும். நிற்கும் காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழி விடாது. எனவே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மிகுதியைப் போக விடவேண்டும். அதிகபட்சமாக எவ்வளவை எடுக்கலாம் என்பதை ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பணியாற்றிய அல்பேர்ட் பெற்ஸ் என்ற அறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கணித்து வெளியிட்டார். இங்கிலாந்தின் லான்செஸ்ரரும் ரஷ்யாவின் ஷுக்கோவ்ஸ்கியும் தனித்தனியே அதே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். விடை 27இல் 16 பங்கு, நூற்றுக்கு 59.3. எத்தனை இறக்கைகள், என்ன வடிவம், எந்த உலோகம் என்பவற்றுக்கும் இந்த வரம்புக்கும் தொடர்பில்லை. காற்றின் திணிவும் உந்தமும் சக்தியும் அழியாதவை என்பதிலிருந்தே அது பிறக்கிறது.

ஆகவே எமது பழைய மாணவர்களுக்கு விற்கப்படவிருக்கும் இயந்திரம், எந்த இயந்திரத்தாலும் தாண்ட முடியாத வரம்பைத் தாண்டுகிறது. மின்பிறப்பாக்கியிலும் தாங்கிகளிலும் ஏற்படும் இழப்புகளை நான் இன்னும் கழிக்கவே இல்லை. இதற்கு மேலும் ஒரு கட்டுரை தேவையா என்று கேட்கலாம். தேவை. ஏனெனில் இந்தக் கணக்கைக் காட்டியவுடன் ஒரே வகையான பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது பதில்: "பிரசுரத்தில் எண் பிழையாக இருக்கலாம், ஆனால் நிலைக்குத்து இயந்திரம் சிறந்தது என்பது உண்மைதானே?" இல்லை. அது புதியதும் அல்ல.

காற்றிலிருந்து வேலை வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றைக் கொண்டு தள்ளுவித்தல். பாய் விரித்த கட்டுமரம் பின்காற்றில் போவதைப் போன்றது இது. தள்ளப்படும் தட்டு காற்றைவிட வேகமாகப் போக முடியாது. மறுபக்கத்தில் காற்றுக்கு எதிராகத் திரும்பி வரும்போது, பெற்றதில் ஒரு பகுதியை அது இழக்கவும் வேண்டும். ஈரானின் கிழக்குப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தானியம் அரைத்த மண்சுவர் ஆலைகள் இவ்வகை. நிலைக்குத்து அச்சு என்பது உலகின் மிகப் பழைய காற்றாலை வடிவம் என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. 1920களில் பின்லாந்தின் சவோனியஸ், ஒரு பீப்பாயை நெடுக்காகப் பிளந்து இரு பாதிகளையும் சற்றே விலக்கி வைத்தாற்போன்ற ஒரு சுழலியை அமைத்தார். எமது பிரசுரத்தில் இருப்பது அதன் முறுக்கிய வடிவமே. அதன் வினைத்திறன் நடைமுறையில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை.

மற்ற வழி, பறவையின் இறகையும் விமானத்தின் இறக்கையையும் போலக் காற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லுதல். குறுக்குக் காற்றில் பாய்மரத்தைச் சாய்த்து ஓடிப் பழகிய எமது கடலோடிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இவ்வாறு வெட்டும் இறக்கையின் நுனி காற்றைவிட ஆறேழு மடங்கு வேகமாகச் செல்லக்கூடும். எனவே மெல்லிய மூன்று இறக்கைகளே பெரும் பரப்பிலுள்ள காற்றை வேலை வாங்கிவிடுகின்றன. இன்றைய மூன்று இறக்கைக் காற்றாலைகளின் வினைத்திறன் நூற்றுக்கு 45 முதல் 50 வரை. பெற்ஸ் வரம்பு 59 என்பதை எண்ணிப் பார்த்தால், இனி முன்னேறுவதற்கு மிகக் குறைந்த இடமே மிஞ்சியிருக்கிறது. நிலைக்குத்து அச்சையும் வெட்டும் இறக்கையையும் இணைத்து பிரான்சின் டாரியு 1920களில் அமைத்த சுழலி, நல்ல நிலையில் 35 முதல் 40 வரை எட்டும். நீர் இறைக்கும் பல இறக்கைக் காற்றாடிகள் 15 முதல் 30 வரைதான்.

மூன்று இறக்கை எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுந்த நாகரிகம் அல்ல. 1888இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்ள்ஸ் பிரஷ் தமது வீட்டுத் தோட்டத்தில் 17 மீற்றர் விட்டமும் 144 இறக்கைகளும் கொண்ட காற்றாலையை நிறுவினார். கிடைத்த வலு 12 கிலோவாற்று. டென்மார்க்கில் பௌல் லா கூர் என்ற ஆசிரியர் 1890களில் அஸ்கோவ் கிராமத்தில் பரிசோதனைகள் நடத்தி, மின்சாரம் எடுப்பதற்குச் சில இறக்கைகள் வேகமாகச் சுழல்வதே சிறந்தது என்று கண்டார். அவரிடம் பயின்ற ஜொஹானஸ் யூல் 1957இல் கெட்சர் என்ற இடத்தில் 24 மீற்றர் விட்டத்தில் மூன்று இறக்கைக் காற்றாலையை நிறுவினார். அதன் வலு 200 கிலோவாற்று. பரப்பு இரு மடங்கு. வலுவோ பதினாறு மடங்குக்கு மேல். இரண்டு இடங்களின் காற்றும் ஒன்றல்ல என்பதைக் கழித்துப் பார்த்தாலும், படிப்பினை தெளிவானது.

இரண்டாவது பதில்: "பெரிய கொம்பனிகள் புதிய கண்டுபிடிப்புகளை அமுக்கிவிடுகின்றன." எமது மக்களிடையே மிகவும் விலைபோகும் வாதம் இது. பெரியவர்கள்மீது சந்தேகம் கொள்வது எமது வரலாறு கற்றுத்தந்த பழக்கம். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆயினும் நடந்தவை வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காப்-ஷா என்ற ஊரில் 110 மீற்றர் உயரமான டாரியு சுழலி ஒன்று 1980களில் அரச பணத்தில் நிறுவப்பட்டது. உலகின் மிகப் பெரிய நிலைக்குத்துக் காற்றாலை அதுவே. 1993இல் நின்றுபோனது, இன்று உல்லாசப் பயணிகள் பார்க்கும் காட்சிப்பொருளாக நிற்கிறது. கலிபோர்னியாவில் 1980களில் இதே வகைச் சுழலிகள் நூற்றுக்கணக்கில் நாட்டப்பட்டன. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மீதான விசை திசை மாறுவதால் உலோகம் களைத்து முறியும் நோய் அவற்றைப் பிடித்தது. நிறுவிய கொம்பனி 1997இல் வங்குரோத்தானது.

பட்டம் போலப் பறக்கும் காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் காற்று வலியது என்பதால் கொள்கையளவில் அது மிக நல்ல யோசனை. மக்கானி என்ற முயற்சியைக் கூகிள் 2013இல் வாங்கியது. 600 கிலோவாற்றுப் பறக்கும் இயந்திரத்தை உருவாக்கி 2019இல் நோர்வேக் கடலில் பறக்கவிட்டது. 2020இல் கைவிட்டது. உலகின் செல்வம் மிக்க கொம்பனிகளில் ஒன்று ஏழாண்டுகள் பணத்தைக் கொட்டியும் முடியாமற் போனதை யார் வந்து அமுக்கினார்கள்? காற்றும் உலோகக் களைப்பும் செலவுக் கணக்கும் சேர்ந்து அமுக்கின.

கிடை அச்சுக் காற்றாலைக்காரர்களும் தோற்றிருக்கிறார்கள், வெட்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1941இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மலையில் நிறுவப்பட்ட 1.25 மெகாவாற்று இரட்டை இறக்கை இயந்திரம் 1945இல் இறக்கை முறிந்து நின்றது. ஜேர்மனி 1980களில் பெருமையுடன் நிறுவிய 3 மெகாவாற்று குரோவியான், இயங்கிய நாட்களைவிடப் பழுதாகிக் கிடந்த நாட்கள் அதிகம். வென்ற வடிவம் பல தோல்விகளுக்குப் பிறகே வென்றது.

மூன்றாவது பதில் சற்றுத் தந்திரமானது: "புனல் வைத்துக் காற்றைக் குவித்தால் பெற்ஸ் வரம்பைத் தாண்டலாம்." இதில் ஓர் உண்மை உண்டு. சுழலியைச் சுற்றி அகன்ற கூடு ஒன்றைக் கட்டினால் அதிக காற்று உள்ளே இழுக்கப்படும்; சிறிய சுழலி பெரிய வேலை செய்யும். ஆனால் வினைத்திறனைக் கணிக்கும்போது விற்பனையாளர் எந்தப் பரப்பால் வகுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சுழலியின் பரப்பால் வகுக்கிறார். கூட்டின் அகன்ற வாயின் பரப்பால் வகுத்தால் பழைய வரம்புக்குள் ஒழுங்காக வந்து அடங்கிவிடும். அவ்வளவு பெரிய கூட்டைக் கட்டி, புயலில் விழாமல் தாங்கி நிறுத்தும் செலவில் இறக்கையை இரண்டு மீற்றர் நீட்டிவிடலாம்.

நான்காவது பதில் நேர்மையானது; அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் டபிரி 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எதிரெதிராகச் சுழலும் சிறிய நிலைக்குத்துச் சுழலிகளை நெருக்கமாக நாட்டினால், ஒரு சதுர மீற்றர் நிலத்துக்குக் கிடைக்கும் வலு வழமையான காற்றாலைப் பண்ணையைவிட மிக அதிகமாகும் என்பதே அவரது கண்டுபிடிப்பு. இது பௌதிகத்தை மீறவில்லை. ஆனால் அவர் கணித்தது நிலத்தின் விளைச்சலை. இயந்திரத்தின் வினைத்திறனை அல்ல. வழமையான காற்றாலைகளுக்கு இடையே உள்ள நிலத்தில் ஆடும் மேயும், வெங்காயமும் விளையும். அந்த நிலம் வீணாவதில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அவரது முறையில் பெரிய வணிகப் பண்ணை எழும்பவில்லை. எழும்பினால் இந்தப் பந்தியை நானே திருத்தி எழுதுவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாசகர்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். வினைத்திறன் அத்தனை முக்கியமானதும் அல்ல.

நிலக்கரியை எரிக்கும் நிலையத்தில் வினைத்திறன் என்பது பணம். வீணாகும் ஒவ்வொரு தொன்னுக்கும் கப்பல் கட்டணம் செலுத்தவேண்டும். காற்றுக்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. இன்று வீட்டுக் கூரைகளில் இருக்கும் சூரியத் தகடுகள் வெயிலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகின்றன. ஆயினும் அவை உலகை வென்றுகொண்டிருக்கின்றன. ஏனென்றால் விலை மலிவு, அசையும் பாகம் இல்லை, இருபது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தாலும் வேலை செய்யும். பல இறக்கைக் காற்றாடிக்கு வினைத்திறன் குறைவு. ஆனால் மெல்லிய காற்றிலும் கனமான பம்பியைத் தள்ளத் தொடங்கும் முறுக்கு அதற்கு உண்டு. கிணற்றில் நீர் இறைப்பதற்கு அதுவே தகுந்தது. 1970களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் உதவியுடன் இலங்கையில் நீர் இறைக்கும் காற்றாடிகள் உருவாக்கப்பட்டபோது, அந்த வடிவமே தெரிவு செய்யப்பட்டது. அது சரியான தெரிவு. சவோனியஸ் சுழலிக்கும் அதற்குரிய இடம் உண்டு. கடலில் மிதக்கும் மிதவையின் சிறு விளக்குக்கு அது போதும்.

ஆகவே எந்த வடிவம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எங்கே நிறுத்தப் போகிறோம் என்று கேட்கவேண்டும். மும்மடி விதி அதைத்தான் கற்பிக்கிறது. கூரை மட்டத்தில், பனைகளுக்கும் சுவர்களுக்கும் நடுவே காற்று வேகமிழந்து சுழித்துக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் கட்டடங்களில் பொருத்தப்பட்ட 26 சிறிய காற்றாலைகளை வோர்விக் பரிசோதனை என்ற பெயரில் அளந்து பார்த்தார்கள். அவை தமது பெயர்ப்பலகையில் எழுதப்பட்ட வலுவில் நூற்றுக்கு ஐந்தைக்கூடச் சராசரியாகத் தரவில்லை. சில, தமது மின்னணுக் கருவிகளுக்கு எடுத்துக்கொண்ட மின்சாரத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை.

இப்போது எங்கள் பாடசாலைக் கூரைக்கு வருவோம். சோளகம் பலமாக வீசும் மாதங்களையும் காற்று உறங்கும் மாதங்களையும் சேர்த்து, கூரை மட்டத்தில் ஆண்டுச் சராசரி செக்கனுக்கு 4 மீற்றர் என்று கொள்கிறேன். 6 சதுர மீற்றர் பரப்பு, நூற்றுக்கு 15 வினைத்திறன், மின்பிறப்பாக்கியிலும் பற்றரியிலும் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. காற்றின் ஏற்ற இறக்கத்தால் கிடைக்கும் மேலதிகத்தையும் சேர்த்தால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 450 அலகு மின்சாரம் கிடைக்கும். தாராளமாகச் சராசரியை 5 மீற்றர் என்று வைத்தாலும் 900ஐத் தாண்டாது.

வட மாகாணத்து வெயிலில் ஒரு கிலோவாற்று சூரியத் தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 அலகுகளைத் தரும். இன்று சந்தையில் கிடைக்கும் சாதாரணத் தகடு ஒன்று 500 வாற்றுக்கு மேற்பட்டது. அதாவது மூன்று மீற்றர் உயரமான, சுழலும், தேயும், கடலுப்பில் கறளேறும் அந்த இயந்திரத்தின் ஆண்டு வேலையை ஒரேயொரு தகடு செய்துவிடும். இரண்டு தகடுகள் இருந்தால் தாராளக் கணக்கையும் வென்றுவிடலாம். இதுதான் நான் அந்தக் கட்டுரையை எழுத மறுத்ததற்கான காரணம்.

இனி எனது பழைய கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பத்திரிகையில், கிராமத்துக்கே ஒளியூட்டப் போகும் நிலைக்குத்துக் காற்றாலை பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். கண்டுபிடித்தவர் சொன்ன எண்களை அப்படியே போட்டேன். ஒரு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையின் இரு பக்கங்களிலும் சிறிய எழுத்தில் கணக்கை எழுதி அனுப்பினார். கடைசி வரி: "தம்பி, காற்றிலே இல்லாததை உங்கள் பத்திரிகை எடுத்துத் தந்திருக்கிறது." எனக்குக் கோபம் வந்தது. அதைப் பிரசுரிக்கவில்லை. அந்தக் கட்டுரையை வாசித்து அதே வகை இயந்திரத்தை வாங்கிய சனசமூக நிலையம் ஒன்றைப் பின்னர் பார்க்க நேர்ந்தது. இரண்டாம் ஆண்டிலேயே தாங்கி இறுகி நின்றுவிட்டதாம். தூணில் துணி காயப்போட்டிருந்தார்கள். நிலையத்துப் பிள்ளைகள் அரிக்கன் விளக்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசிரியர் இன்று இல்லை. பிரசுரிக்கத் தவறிய அவரது கடிதத்தைத்தான் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய கூரைக் கதையோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே மயக்கம் மன்னாரிலும் புகுந்திருப்பதால் நிறுத்த முடியவில்லை.

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி நிலையம் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. ஒவ்வொரு சுழலியின் விட்டமும் 126 மீற்றர். வீச்சுப் பரப்பு ஏறத்தாழ 12,470 சதுர மீற்றர். மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். செப்டெம்பரில் பொலிஸார் அவர்கள்மீது பலப்பிரயோகம் செய்தார்கள். இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் வினைத்திறன் என்ற சொல் பிழையாகப் பயன்படுத்தப்படுகிறது.

எதிர்ப்பவர்களுக்கு ஆதரவாக வெளிநாட்டிலிருந்து எழுதும் நண்பர்கள் சிலர், இவற்றுக்குப் பதிலாகப் பறவைகளுக்கு இடையூறு இல்லாத சிறிய நிலைக்குத்துச் சுழலிகளை வைக்கலாமே என்கிறார்கள். தம்பபவனியின் வீச்சுப் பரப்பை எட்டுவதற்கு எமது பிரசுர இயந்திரங்கள் அறுபதாயிரத்துக்கு மேல் வேண்டும். அவற்றின் வினைத்திறன் மூன்றில் ஒரு பங்கு, தரைமட்டக் காற்றோ மெலிந்தது என்பதால் அப்போதும் மின்சாரம் சமனாகாது. அறுபதாயிரம் தூண்களுக்கு நடுவே எந்தப் பறவை பறக்கும்? மன்னார் மக்களின் முறைப்பாடுகள் வலுவானவை. வெள்ளம் வடிந்தோடும் வழிகள் அடைபட்டமை, கரைவலை இழுக்கும் இடம், வங்காலை ஈரநிலத்துக்கு வரும் வலசைப் பறவைகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்மிடம் எவரும் கேட்கவில்லை என்ற கோபம். இத்தனை வலுவான வாதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, முதற் கணக்கிலேயே உடையும் ஒரு வாதத்தைக் கூட்டத்தில் சேர்ப்பது அம்மக்களுக்குச் செய்யும் தீங்கு.

மறுபக்கத்தில் கொழும்பின் அதிகாரிகள், நாட்டில் மிக வினைத்திறனுடன் காற்றாலை இயங்கும் இடம் மன்னாரே, ஆகவே அங்கேதான் அமைக்கவேண்டும் என்கிறார்கள். மன்னாரில் காற்று நல்லது என்பது உண்மை. "ஆகவே" என்ற சொல்தான் பொய். வினைத்திறன் ஓர் இயந்திரத்தின் குணம். ஒருவரின் வாசலில் அதை நாட்டும் உரிமையை அது வழங்குவதில்லை. மின்சாரம் மக்களுக்கு மலிவாகப் போய்ச் சேரும் என்ற உறுதியையும் அது வழங்குவதில்லை. இதற்குச் சான்று அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. பகிரங்கப் போட்டிக் கேள்விமனு இன்றி, மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று அமைப்பதற்கு அதானி நிறுவனத்துக்கு அலகொன்று 8.26 அமெரிக்க சதம் என்ற விலையை 2024 மே மாதம் அமைச்சரவை அங்கீகரித்தது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. போட்டி முறையில் கொடுக்கப்பட்ட மன்னாரின் 50 மெகாவாற்றுத் திட்டத்தின் விலை 4.65 சதம். அதே மன்னார், அதே காற்று, அதே மூன்று இறக்கை. விலையில் ஏறத்தாழ அரைவாசி வித்தியாசம். இந்த வித்தியாசத்தை எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் தேடிப் பயனில்லை. அது ஒப்பந்தம் எழுதிய மேசையில் பிறந்தது.

எனவே எனது நிலைப்பாட்டைக் குழப்பமின்றிச் சொல்கிறேன். இயந்திரங்களை ஒப்பிடும்போது மூன்று இறக்கைக்கு நிகரில்லை. அது முடிந்த விவாதம். காற்றாலையை எங்கே, எவர் சம்மதத்துடன், என்ன விலைக்கு நாட்டுவது என்பது முடியாத விவாதம். முடிந்ததைத் திறப்பதும் முடியாததை மூடுவதும் ஒரே வகையான ஏமாற்று.

எமது தீவுகளுக்கே நல்ல முன்மாதிரி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதில் சூரிய வலு 1,700 கிலோவாற்று. காற்று வலு 530 கிலோவாற்று. இவற்றுடன் பற்றரிகளும், காற்றும் வெயிலும் கைவிடும் வேளைக்கு டீசல் பிறப்பாக்கிகளும். வெயிலுக்கு மூன்று பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு என்ற அந்த விகிதத்தைத் திட்டமிட்டவர்கள் அதிசயங்களை நம்பவில்லை, கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் அரசியலைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

பழைய மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைத் தருகிறேன். விற்பனையாளரிடம் அவற்றை எழுத்தில் கேளுங்கள். இயந்திரம் காற்றுக்குக் காட்டும் பரப்பு எத்தனை சதுர மீற்றர்? விற்பவர் அல்லாத ஒருவர், இதேபோன்ற ஓர் இடத்தில் ஒரு முழு ஆண்டு அளந்து பார்த்தபோது எத்தனை அலகு கிடைத்தது? மூன்றாம் ஆண்டில் பழுதானால் திருத்துவதற்கு யார், எங்கிருந்து வள்ளம் ஏறி வருவார்? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். எனது மறுப்பைத் திரும்பப் பெற்று, நீங்கள் கேட்ட கட்டுரையை எழுதுகிறேன்.

பதில் வராவிட்டால், திரட்டிய பணத்தில் சூரியத் தகடுகளும் நல்ல பற்றரியும் வாங்குங்கள். கூரையில் பொருத்தத் தெரிந்த பொடியன்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மிச்சப் பணத்தில் அந்தப் பாடசாலையின் பௌதிக ஆய்வுகூடத்துக்குக் காற்று வேகமானி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் ஓராண்டு அளந்து எழுதி வைக்கட்டும். அதன்பின் பிரசுரத்தோடு வருபவருக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.